இருபத்தெட்டு இஞ்சு மேடை

ஜெயசுதாவின் உயரம் நாலடி எட்டு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் பட்ட பாட்டில் பாதி இந்த உயரத்தால் வந்தது. மீதிப் பாதி அவள் ஓரகத்தி கொளஞ்சியம்மாளின் வாயால் வந்தது.

பத்தொன்பது வயதில் திருநாவலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த வருஷமே மாமனார் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டினார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சமையல் மேடைக்கு அளவு கொடுப்பவள் மூத்த மருமகள். கொத்தனார் செங்கல்லை வரி வரியாக அடுக்கிக்கொண்டு வருவார், அவள் வெறுங்காலோடு பக்கத்தில் நிற்பாள். 'போதும்' என்று அவள் எங்கே சொல்கிறாளோ அங்கே கடப்பாக் கல்லைப் போட்டு மூடுவார்கள். கொளஞ்சியம்மாள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். அவளுக்கே போதுமான உயரம் வந்த பிறகும் ஜெயசுதாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இன்னொரு வரி வைங்க மேஸ்திரி" என்றாள். மேடை ஜெயசுதாவின் மார்புக்கு வந்து நின்றது.

அதற்கப்புறம் என்ன, பலகைதான். ஒரு சாண் உயரப் பலகையைக் காலால் இந்தப் பக்கம் தள்ளி ஏறி மிளகாய் வதக்குவாள், அந்தப் பக்கம் தள்ளி ஏறிச் சோறு வடிப்பாள். ஓர் ஆடி மாதம், குலசாமிக்குப் படையல் போடுகிற அன்று, கூடத்தில் பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது பலகை சறுக்கிவிட்டது. கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சி மொத்தமும் இடது காலில் கொட்டியது. அலறினாள். ஓடிவந்த கொளஞ்சியம்மாள் காலைப் பார்க்கவில்லை, சோற்றுக் குண்டானைத்தான் பார்த்தாள்.

"எட்டாதவளுக்கு எதுக்குடி இந்த வேல? போயி பாத்திரம் கழுவு."

கூடமே சிரித்தது. ஜெயசுதாவின் புருஷன் வீரமுத்துவும் பல்லைக் காட்டினான், பாவி. புண் ஆறிவிட்டது. தழும்பு பாதம் முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. அந்தச் சிரிப்பு மட்டும் பத்தொன்பது வருஷமாக அவள் காதை விட்டுப் போகவில்லை.

பாகம் பிரிந்தபோது வீடு வீரமுத்துவுக்கு வந்தது. கொளஞ்சியம்மாள் தன் புருஷனோடு சின்னசேலத்துக்குப் போய், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வீடு கட்டிக்கொண்டாள். தொலைந்தது சனியன் என்று இருக்க முடிந்ததா? ஆடிப் படையலுக்கு இந்த வீட்டில்தான் உலை வைக்க வேண்டும், அதையும் மூத்த மருமகள்தான் வைக்க வேண்டும். வருஷா வருஷம் வருவாள், நிமிர்ந்து நின்று சமைப்பாள். "பலகைய ஓரமா தள்ளி வைடி, கால்ல இடிக்குது" என்பாள். அவள் போன பிறகு அடுத்த ஆடி வரைக்கும் அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. இது ஜெயசுதா போட்ட சட்டம்.

இந்த வருஷம் வைகாசியில் சிங்க் பக்கம் ஒழுகி ஒழுகி மேடையில் விரிசல் விட்டது. இடித்துவிட்டுப் புதுசாக மாடுலர் கிச்சன் போடலாம் என்றான் வீரமுத்து. ஜெயசுதாவுக்கு அப்படியே வயிறு குளிர்ந்துவிட்டது. மாடுலர் கிச்சன் மேல் ஆசைப்பட்டு அல்ல. வீடு இப்போது அவளுடையது. இந்த முறை அளவு கொடுக்கப் போகிறவள் அவள்.

மகள் தனுஷா அம்மாவையும் அப்பாவையும் சேலம் ரோட்டிலுள்ள ஒரு ஷோரூமுக்குக் கூட்டிப்போனாள். ரெடிமேடு பெட்டிகள் வரிசையாக, பளபளவென்று நின்றன. கடைப்பெண் அடியில் குனிந்து பிளாஸ்டிக் காலைத் திருகிக் காட்டினாள்.

"எல்லாமே ஸ்டாண்டர்டு சைஸுங்க. முப்பத்தி நாலு இஞ்சு. தரை மேடு பள்ளமா இருந்தா இந்தக் கால திருகி ஏத்திக்கலாம், எறக்கிக்கலாம். மூணே நாள்ல மாட்டிடுவோம்."

"எவ்ளோ எறக்கலாம்?" என்றாள் ஜெயசுதா.

"ஒரு இஞ்சு எறங்கும்க்கா."

ஒரு இஞ்சு! அதை வைத்துக்கொண்டு யார் இடுப்பை ஒடிப்பது?

"இது வாணாம்" என்று வெளியே வந்துவிட்டாள். வீரமுத்து ரோட்டிலேயே கத்தினான். "ஆடிக்கு அம்பது நாளுகூட இல்ல. ஆசாரி வெச்சு செஞ்சா எப்ப முடியும்? இன்னா தாம்மே உனுக்கு?"

"எம் மேட. எம் அளவு. நீ பேசாத."

தனுஷா இடையில் புகுந்தாள். "அம்மா, பெரியம்மாவுக்கு இப்ப..."

"அந்தப் பேர எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஜெயசுதா முடிக்க விட்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

பிளைவுட் கடை கலீலுல்லா பாய் அளவெடுக்க வந்தார். கடையும் வைத்திருக்கிறார், ஆள் வைத்துக் கப்போர்டும் செய்து தருகிறார். யார் சமைக்கிறார்களோ அவர்களைத் தரையில் நிற்கவைத்து, கையில் கரண்டியைக் கொடுத்து, முழங்கையை மடக்கச் சொல்லி டேப்பைப் பிடிப்பது அவர் முறை.

"முப்பத்தோரு இஞ்சும்மா. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்."

"இருவத்தெட்டு வைங்க பாய்."

பாய் டேப்பைச் சுருட்டாமல் அப்படியே நின்றார். "தப்பும்மா. நீங்களே குனியணும். இடுப்பு போயிடும். அப்புறம் ரெடிமேடு மாதிரி கால திருகல்லாம் முடியாது. கட்டுனா கட்டுனதுதான்."

"ஒருநாளு ஒருத்தி இடுப்பு ஒடியட்டும் பாய். மிச்ச நாளு எம் இடுப்ப நான் பாத்துக்கறேன்."

அந்த ஒருத்தி யார் என்று பாய் கேட்கவில்லை. நோட்டில் இருபத்தெட்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

நாற்பது நாள் கொல்லைப்புறத்தில் மூன்று செங்கல் வைத்துச் சமைத்தாள் ஜெயசுதா. காற்றடித்தால் அடுப்பு அணையும், தூறல் போட்டால் சோறு அரைவேக்காடு. வீரமுத்து முனகிக்கொண்டே தின்றான். அவளோ ஊதுகுழலை வைத்துக்கொண்டு கனவு கண்டாள். பங்காளிகள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆறடியை நெருங்கும் அந்த உடம்பு இரண்டாக மடியும். கொளஞ்சியம்மாள் இடுப்பில் கை வைத்து, 'அம்மாடி' என்று நிமிர்வாள். அந்த நிமிஷத்துக்கென்று ஒரு வார்த்தை தயாராக இருந்தது. 'குனிய முடியாதவளுக்கு எதுக்குக்கா இந்த வேல? போயி பாத்திரம் கழுவு.' புகையில் கண்ணீர் வடிய வடிய அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுகூட முடிவாகியிருந்தது.

படையலுக்கு இரண்டு நாள் முன்பு வேலை முடிந்தது. மேலே கறுப்பு கிரானைட், அடுப்பைக் கல்லுக்குள்ளேயே பதித்திருந்தார்கள். முதல் நாள் ரசம் வைக்கும்போதே ஜெயசுதாவுக்கு முதுகில் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

படையலன்று வாசலில் கார் நின்றது. முதலில் ஒரு ஸ்டூல் இறங்கியது. பிறகு ஒரு கைத்தடி. அதைப் பிடித்துக்கொண்டு கொளஞ்சியம்மாள் இறங்கினாள், ஒவ்வொரு காலாக.

ஜெயசுதா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"முட்டி தேஞ்சு போச்சாம்மா. தை மாசத்துலேருந்து நின்னுக்கினு சமைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேர எடுக்காதன்னு நீதான சொன்ன."

கொளஞ்சியம்மாள் சமையலறை வாசலில் நின்று மேடையை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்டூலைப் பக்கவாட்டில் போடச் சொன்னாள். உட்கார்ந்தாள். கை நேராக அடுப்புக்குப் போனது. வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்த சாமை அரிசியைக் களைந்து உலையில் போட்டு, உட்கார்ந்த இடத்திலேயே கிளறினாள். பானையின் வாய் அவள் கண்ணுக்கு எதிரே இருந்தது. நாற்பது நாள் கஷ்டப்பட்டு, எதிராளிக்கு இதைவிட வசதியாக ஒரு மேடையை யாராவது கட்டித்தர முடியுமா?

படையல் முடிந்து பந்தி போட்டதும் கொளஞ்சியம்மாள் கூடத்தின் நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எம் மருமவகூட இப்டி நெனைக்கலங்க. எனுக்கு முட்டி வலின்னு தெரிஞ்சிக்கினு, நான் ஒக்காந்து சமைக்கணும்னு மேடையையே தாழ்த்திக் கட்டியிருக்கா எந்தங்கச்சி. இனிமே பொங்கலு, தீவாளி, எல்லாத்துக்கும் இங்கதான். நானே வந்து சமைக்கறேன்."

பங்காளிகள் ஆகா ஓகோ என்றார்கள். வயசான ஒருவர் ஜெயசுதாவின் தலையில் கை வைத்து வாழ்த்தினார். வீரமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாந்தான் சொன்னேன்" என்றான்.

ஜெயசுதா எச்சில் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சிங்க்குக்கு முன்னால் குனிந்து, முதுகு விண்ணென்று தெறிக்கத் தேய்த்தாள். பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது. கொளஞ்சியம்மாள் அவள் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் குனிவேன்னு பாத்தியாடி? இப்ப யாரு குனிஞ்சிக்கினு பாத்திரம் கழுவறா?"

அதைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். ஸ்டூலை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். "இங்கியே கெடக்கட்டும், அடுத்த வாட்டிக்கு ஆவும்" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாளாம்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே ஜெயசுதா கலீலுல்லா பாய்க்கு போன் போட்டாள்.

"பாய், மேடைய ஏத்தணும்."

"சொன்னேனேம்மா. இடுப்பு பிடிச்சிக்கிச்சா? ஏத்த முடியாது. மொத்தமா பிரிச்சிட்டு திரும்பக் கட்டணும்."

"பிரிங்க. தீவாளிக்குள்ள முடிச்சிடுங்க."

"சரி, முப்பத்தொண்ணு வெச்சிரலாம். உங்க அளவு."

"எம் அளவு வாணாம் பாய். நீங்க வந்து இடிக்கிறதுக்கு முன்னாடி பழைய மேட எவ்ளோ இருந்துது?"

பாய் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "முப்பத்தெட்டு."

ஸ்டூலில் உட்கார்ந்தால் முப்பத்தெட்டு எட்டாது. கையைத் தலைக்கு மேலே தூக்கித்தான் கிளற வேண்டும். போனைக் காதில் வைத்தபடியே ஜெயசுதா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் அந்த உயரத்துக்குக் கையை வைத்து அளந்து பார்த்துவிட்டாள்.

"அதையே வைங்க."

"அல்லா! அப்ப நீங்க எப்டிம்மா சமைப்பீங்க?"

ஜெயசுதா கொல்லைப்புறம் போய், விறகுக் குவியலுக்கு அடியிலிருந்து அதை உருவி எடுத்தாள். தழும்பு விழுந்த காலால் அதன் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"எங்கிட்ட பலகை இருக்கு பாய்."