பத்துச் சொட்டு

ராசிபுரம் நெய்க்கடைக் கைலாசத்துக்குத் தராசைவிட மூக்கின்மேல் நம்பிக்கை அதிகம். டின்னைத் திறந்து ஒரு தடவை மோந்தால் போதும், எருமை நெய்யா, பசு நெய்யா, கடலை எண்ணெய் கலந்ததா என்று சொல்லிவிடுவார். ஊரும் அதை நம்பியது. நம்பித் தொலைத்தது என்பேன் நான். எதிர்க்கடையில் ஜவுளி விற்றுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் அவர் முகக் களிம்பு போட ஆரம்பித்தார். பசு நெய்யைத் தண்ணீர் விட்டு நூறு தடவை அலசினால் வெள்ளைவெளேரென்று ஆகும். அதில் பன்னீர் சேர்த்துச் சிமிழில் அடைத்தார். கல்யாண வீடுகளில் கிராக்கியோ கிராக்கி. ஐப்பசி மழை வந்ததும் சிமிழுக்குள் பச்சைப் பூசணம் பிடித்தது. அதைப் பூசிய இரண்டு பெண்களுக்கு முகமெல்லாம் சீழ்க்கொப்புளம்.

கம்பவுண்டர் சின்னுசாமிதான் வழி சொன்னார். கார்பாலிக் ஆசிட்.

"சேருக்குப் பத்துச் சொட்டுங்க. பூசணம் கிட்டயே வராது. அளவு மீறுச்சுன்னா தோலைத் தின்னுபோடும், பாத்துக்கங்க."

அப்படியே செய்தார். இரண்டு மாதம் ஆகியும் களிம்பு கெடவில்லை. யார் முகத்திலும் ஒரு பரு வரவில்லை.

தை மாத முகூர்த்தங்களுக்காகப் பெரிய அண்டாவில் கிண்டிய நாளில்தான் வினை. விடிந்ததிலிருந்து திறந்த ஆசிட் புட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சொட்டெண்ணி விட்டுவிட்டு, வழக்கம்போல மோந்து பார்த்தார். நெடியே இல்லை. மருந்து வீரியம் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புட்டியைச் சாய்த்தார். மறுபடியும் மோந்தார், மறுபடியும் சாய்த்தார். காலையெல்லாம் அந்த நெடியை இழுத்து மூக்குத்தான் மரத்துப்போயிருந்தது. மனிதருக்கு மருந்தின்மேல் சந்தேகம் வந்ததே தவிர, மூக்கின்மேல் வரவில்லை!

மூன்றாம் நாள் கடை வாசலில் ஒரு வண்டி நின்றது. பக்கத்து ஊர்ப் பண்ணையக்காரர் தீர்த்தகிரியும் இரண்டு மகன்களும் தடியோடு குதித்தார்கள். மகள் வசந்தாமணிக்கு அந்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார், களிம்பு பூசிய அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சிமிழ்கள் தெறித்தன. நெய் டின்கள் தெருவில் உருண்டன. மூத்தவன் பித்தளைப் படியை எடுத்துக் கைலாசத்தின் மூக்கில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் என் கடைவரை கேட்டது. அப்போதும் அந்த மனிதர், "மோந்து பாத்துத்தானுங்க குடுத்தேன். என்ற மூக்கு பொய் சொல்லாதுங்க" என்றார்.

"அப்பிடின்னா உன்ற மூஞ்சியில பூசுடா!"

தீர்த்தகிரி அவர் பிடரியைப் பிடித்து, களிம்பு மிச்சமிருந்த அண்டாவுக்குள் அமுக்கினார். அலறல் அடங்கும்வரை விடவில்லை. நாங்கள் பத்துப் பேர் நின்றிருந்தோம், ஒருவரும் தடுக்கவில்லை. எனக்கும் அடிக்கட்டும் என்றே இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? நிமிர்த்தியபோது கன்னம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அதற்குள் வசந்தாமணி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். முக்காட்டை விலக்கினாள். இரண்டு கன்னத்திலும் தோல் இல்லை. தம்பி மறுபடி ஓங்கிய தடியைப் பிடித்து நிறுத்தினாள்.

"சிமிழைத் தொறந்தப்பவே எனக்கு நெடி அடிச்சுதுங்க," என்றாள் கைலாசத்திடம். "உங்க மூக்குக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப்போவுதுன்னு பூசிக்கிட்டனுங்க."

அவ்வளவு அடிக்கும் அழாதவர் அப்போதுதான் அழுதார்.