சந்தனப் பொட்டு வைத்த வீடியோ கேம்

எங்கள் வீட்டில் இரண்டு மேசை விசிறிகள் இருந்தன. ஒன்று அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும். இன்னொன்று வீடியோ கேமுக்கு. அக்டோபரிலும் வேர்த்துக் கொட்டும் மயிலாப்பூர் வீட்டில் எனக்குக் கிடைக்காத காற்று அதற்குக் கிடைத்தது. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

அது என்னுடையது. எங்கள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா போன ஒருத்தியிடம் வாங்கினேன். வரும்போதே கிழம். அடுத்த மாதம் அப்பா கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதோடு சரி. ஆடுவது அவர், ரிப்பேர் பார்ப்பது நான்.

கேசட் சொருகும் வாய் தளர்ந்திருந்தது. கல்யாணப் பத்திரிகையை வெட்டி மடித்து முட்டுக் கொடுத்தால்தான் கேசட் ஆடாமல் நிற்கும். படம் வராவிட்டால் கேசட்டை உருவி, அடியில் ஊதி, மறுபடி சொருக வேண்டும். அடாப்டர் தோசைக்கல் மாதிரி சுடும். அதற்குத்தான் அந்த விசிறி. கடைசியில் ஸ்விட்சும் போனது. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாமா இது, ஸ்விட்சு உள்ள ஒண்ணுமே இல்ல. உன் நல்ல நேரம், ஓடிக்கினு கீது."

"சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"இதுக்குப் புச்சு ஸ்விட்சு எவன் வச்சிக்கினு கீறான்? போட்டா போட்ட மாரியே வுட்டுரு. அணைச்சேன்னு வையி, அப்பறம் அது எந்திரிக்கிறது ஆண்டவன் கைல கீது."

இதை அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதன்பிறகு பெட்டியை அணைக்கவே விடமாட்டார்.

அந்தக் கோடையில் பெங்களூரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். முதல்முறையாக டாங்கி ஆட்டம் ஆடி அப்பாவைத் தோற்கடித்துவிட்டு, "அண்ணா, நோக்கு இதெல்லாம் வராது. பேசாம கணக்குப் போடு" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு வேலை இல்லை. சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் கூடத்திலிருந்து அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் திரையின் மேல்வரியில் எண்பத்து நாலாயிரத்து அறுநூறு. சித்தப்பா போட்டதைப்போல இரண்டு மடங்கு.

ஒரு சிக்கல். அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்தால் எல்லாம் போய்விடும். சித்தப்பாவோ விஜயதசமி சாப்பாட்டுக்குத்தான் வருகிறார். மூன்று நாள் இருந்தது.

"அவன் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் யாரும் அணைக்கப்படாது."

"ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோயேம்ப்பா."

"எழுதினா நம்புவானா? பசங்க எழுதினதை நானே முப்பத்தஞ்சு வருஷமா நம்பினதில்லை."

டிவியை அணைக்கலாம், பெட்டியை அணைக்கக் கூடாது. மின்வெட்டு வந்தால்? அடாப்டர் கொடுப்பது ஒன்பது வோல்ட். டார்ச் செல் ஒன்றரை வோல்ட். ஆறு செல். கணக்கு வாத்தியாருக்கு இவ்வளவு போதாதா. மறுபடி பாண்டி பஜாருக்கு என்னைத்தான் துரத்தினார். ரிப்பேர்க்காரர் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டே, "ஆஸ்பத்திரில கூட இப்டிப் பாக்க மாட்டாங்கமா. நைனா நல்லா கீறாரா?" என்று கேட்டார். நல்லா இல்லை என்றேன்.

ஆறு செல்லையும் என் பழைய ரிப்பனால் கட்டி வைத்தோம். மறுநாள் மத்தியானமே கரண்ட் போனது. மூன்று பேரும் கூடத்துக்கு ஓடினோம். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா என் தோளைத் தட்டினார். நான் பி.காம். முதல் வகுப்பில் தேறியபோதுகூடத் தட்டாத தோள்.

பிறகு பூஜை நாள். படிப்பதற்கும் வேலை செய்வதற்கும் உள்ள சாமான்களுக்குப் பொட்டு வைத்தால், மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை யாரும் அவற்றைத் தொடக் கூடாது. அம்மா இதில் ரொம்பக் கறார். தையல் மிஷின், அப்பாவின் ஜியாமெட்ரி பாக்ஸ், டிவி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துவிட்டு வீடியோ கேம் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன்னா, இதை அணைங்கோ. பூஜைல இருக்கற சாமான் ஓடிண்டிருக்கப்படாது."

"அது ஓடலைடீ. தூங்கிண்டிருக்கு."

"கண்ணைத் திறந்துண்டா தூங்கும்? லைட் எரியறதே!"

அரைமணி நேரம் சண்டை. கடைசியில் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தச் சிவப்பு விளக்கின்மேல் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். விளக்கு மறைந்தது. "இப்ப தூங்கறது" என்றாள். அப்பா விழுந்து நமஸ்காரம் செய்தார். சரஸ்வதிக்கா, பெட்டிக்கா என்று கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது என் தப்பு. கற்பூரம் காட்டி முடித்ததும் பார்க்கிறேன், கேசட் ஓரத்தில் குங்குமத்தூள் சிந்தியிருக்கிறது. உள்ளே போனால் போச்சு. துணியால் துடைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்தால் என் வாய் தானாகக் குவியும். குனிந்து பலமாக ஊதினேன். கல்யாணப் பத்திரிகை பறந்தது. கேசட் ஒரு நூல் சாய்ந்தது. பத்திரிகையைத் திரும்பச் சொருகி நிமிர்த்தினேன். யாரும் பார்க்கவில்லை.

டிவியைப் போட்டுப் பார்க்கலாம் என்றால் டிவியும் பூஜையில். சந்தனத்தைச் சுரண்டி விளக்கைப் பார்க்கலாம் என்றால் அம்மா கையை ஒடித்திருப்பாள்.

மறுநாள் புனர்பூஜை முடிந்த கையோடு சித்தப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், "வாடா, வந்து பாருடா" என்று அப்பா அவரை டிவிக்கு முன்னால் நிறுத்தினார். போட்டார். டாங்கிகள் சுவருக்குள் பாதி புதைந்து அசையாமல் நின்றன. மரங்கள் தலைகீழாக இருந்தன. ஆனால் மேல்வரியில் எண் அப்படியே இருந்தது. முன்னால் மட்டும் புதிதாக ஓர் ஒன்பது. ஒன்பது லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூறு.

சித்தப்பா வாயைப் பிளந்தார். "அண்ணா! ஒம்பது லட்சமா! நான் உன்னை என்னமோன்னு நினைச்சுட்டேன்."

"இது என்னோடது இல்லைடா."

"பின்னே யாரோடது? மன்னியோடதா?"

"முன்னாடி இருக்கற ஒம்பது தப்பு. அதை எடுத்துடு."

"எப்படி எடுக்கறது? மிஷின் பொய் சொல்லுமா?"

"சொல்றதுடா! பார்த்தியா, மரம் தலைகீழா இருக்கு!"

ஆறு மாதமாக நம்பாத மனிதர் இப்போது நம்பியே தீருவேன் என்று நின்றார். நம்பாதே என்று அப்பா கத்தினார். நான் ஊதினேன் என்று சொன்னேன். சொன்னது யார் காதிலும் விழவில்லை. மறுபடி கத்திச் சொன்னேன். "அப்பாவுக்காகப் பொய் சொல்றா பாரு, என்ன அடக்கம் இந்தக் குடும்பத்துல" என்றார் சித்தப்பா.

அப்பா விறுவிறுவென்று போய் ஸ்விட்சை அணைத்தார். செல் கட்டையும் பிடுங்கினார். "பொய் மார்க்கு என் ஆத்துல இருக்கப்படாது" என்றார். பிறகு மறுபடி போட்டார். நாலு தடவை போட்டார். ரிப்பேர்க்காரர் சொன்னபடியே, அது எழுந்திருக்கவில்லை.

சித்தப்பா பெங்களூர் போய்ச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் ஒன்பது லட்சத்தைப் பரப்பினார். அப்பா ஒவ்வொருவருக்கும் போஸ்ட் கார்டு போட்டார்: சரியான எண் 84,600, திருத்திக்கொள்ளவும். பதிலுக்கு எல்லோரும் ஒன்பது லட்சத்துக்குத்தான் வாழ்த்து எழுதினார்கள். அந்த எண்பத்து நாலாயிரத்தை அவர் நிஜமாகவே போட்டார். நான் பார்த்தேன். என்னையும் யாரும் நம்புவதில்லை.

பெட்டி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அந்தச் சந்தனம் விளக்கின்மேல் கல்லாகிவிட்டது. மாதம் ஒருமுறை தூசி தட்டுகிறேன். துணியால்.