ஹெலிகேயில் படி கழுவியவள்

பழைய கிரேக்கக் கடற்கரையில் இருந்த ஹெலிகே நகரத்துக் கடல் தேவன் கோயிலில் பலிபீடத்தையும் அதன் படிகளையும் கழுவுவது பிலின்னாவின் வேலை. பதினாறு வயதில் சேர்ந்தவள். நாற்பத்திரண்டு வயதுக்குள் அவளுடைய உள்ளங்கை உப்பில் ஊறிய தோல்போல் தடித்துவிட்டது. காளை ரத்தம் உறைவதற்குள் கடல் தண்ணீரை ஊற்றித் தேய்த்தால்தான் கல் வெளுக்கும் என்பது பூசாரியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் கழுவியது காளை ரத்தத்தை அல்ல.

கடலுக்கு அப்பாலிருந்து அயோனிய நாட்டார் பத்துப் பேர் வந்திருந்தார்கள். அவர்களுடைய முன்னோர் இந்த ஊரிலிருந்து போனவர்கள். தங்கள் ஊரில் இதே தேவனுக்குக் கோயில் எழுப்பச் சிலையைக் கேட்டார்கள். அது முடியாதென்றால் பலிபீடத்தின் அளவையாவது எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஊர்ச்சபை இரண்டுக்கும் மறுத்தது. வந்தவர்கள் படையல் வைத்துவிட்டு, அடைக்கலம் என்று பீடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊர் ஆட்கள் சிலர் படையலை உதைத்துத் தள்ளி அவர்களைத் தரதரவென்று இழுத்தார்கள். பிடியை விடாத இருவர் அங்கேயே அடிபட்டுச் செத்தார்கள்.

இழுத்தவர்களில் பிலின்னாவின் கணவன் தெர்சோனும் ஒருவன். மீன் பிடிப்பவன், அகன்ற தோள்காரன், எதற்கும் சிரிப்பவன்.

"ஏய்யா, அடைக்கலம்னு வந்தவங்க மேல கை வைக்கலாமா?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

"நான் எங்க புள்ள கை வச்சேன்? காலப் புடிச்சுத்தான இழுத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. அவன் வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சில வாரங்கள் போயின. ஒரு காலை, பக்கத்து வீட்டில் வாற்கோதுமை ரொட்டி சுடும் கிளேய்த்தா தெருவில் நின்று கைதட்டினாள்.

"அடியேய் பிலின்னா, இங்க வந்து பாருடி! எங்க வீட்டு எலியெல்லாம் கெரூனியாவுக்குக் குடி போவுது. எனக்கு மாவு மிச்சம்!"

மலையூரான கெரூனியாவுக்கு ஏறும் சாலையில், வெட்டவெளிச்சத்தில், எலிகள் ஒன்றின்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் மரநாய்கள். அதற்கடுத்த நாள் பாம்பும் பூரானும், ஒன்றையொன்று தீண்டாமல். ஊரே சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்தது. நான்காம் நாள் பிலின்னா கோயில் ஊற்றில் குடத்தை இறக்கினாள், சேறாக வந்தது. கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பூசாரியிடம் போய்ச் சொன்னதற்கு, "வேற ஊத்துல மொண்டுக்க" என்றார்.

ஐந்தாம் நாள் காலை அவள் துணி மூட்டை கட்டினாள்.

"நான் மலைக்கு, எங்க அண்ணி வீட்டுக்குப் போறேன். நீயும் கிளம்புய்யா."

"எலி பின்னாடியா? ஊரே சிரிக்கும் புள்ள."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

"நாளைக்கு மீன் கூட்டம் கரையோரமா வருதாம். ஒரு தடவ வலை போட்டுட்டு வந்துர்றேன்."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. ஆனால், வழிக்கு வேண்டுமென்று உப்புக் கண்டமும் ஆலிவும் எடுத்து அவனே ஒரு துணியில் முடிந்து கொடுத்தான். அவள் தெருமுனை திரும்பும்போது, "அண்ணிய நான் கேட்டேன்னு சொல்லு!" என்று வாசலிலிருந்து கத்தினான்.

அன்று இரவே பூமி புரண்டது. விடிந்ததும் கெரூனியாச் சரிவிலிருந்து பிலின்னா கீழே பார்த்தாள். ஊர் இருந்த இடத்தில் கடல் தட்டையாகக் கிடந்தது. கோயில் தோப்பு மரங்களின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அண்டை நகரங்கள் இரண்டாயிரம் பேரை அனுப்பின. எடுத்து அடக்கம் செய்ய ஓர் உடல்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் திரும்பிப் போன பிறகும் பிலின்னா கரையிலேயே இருந்தாள். அண்ணி வந்து தோளைப் பிடித்து அழைத்துப் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு கெரூனியாவில் கூலிக்குத் தானியம் இடித்தாள். ஏழெட்டு வருஷம் கழித்துப் படகுக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். தண்ணீருக்குள் நிற்கும் கடல் தேவனின் வெண்கலச் சிலையிலும் சுவர்களிலும் சிக்கி வலைகள் கிழிகின்றன. எது எங்கே இருந்தது என்று சொல்ல வேறு ஆள் உயிரோடு இல்லை.

முதல்நாள் படகின் முனையில் குனிந்து உட்கார்ந்து, விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு, "இது சந்தை. வலப்பக்கம் ஒதுக்கு. அந்த நிழல்தான் கோயில், கிட்ட போகாத" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"உங்க வீடு எங்கம்மா?" என்று துடுப்புப் போட்டவன் கேட்டான்.

அவள் இன்னும் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள்.

"தெரியலப்பா. எல்லாம் ஒரே பாசியா இருக்கு. நீ போய்க்கிட்டே இரு."