தேய்த்துக் கழுவிய தகடு

துறைமுகத்தில் மூட்டை சுமக்கும்போது முறிந்த என் காலெலும்பில் பொருத்திய தகடு, உள்ளேயே துருப்பிடித்து உடைந்துவிட்டது. டாக்டர் அதை எடுத்துவிட்டு, வேறு கிடைக்காததால் அதே கம்பெனியின் தகட்டையே மறுபடியும் வைத்தார். உடைந்ததை என் கையில் தந்து, கம்பெனிமேல் வழக்குப் போடச் சொன்னார்.

வழக்குப் பேசும் பிரக்கிராசியாரின் மேசையில் அழுக்கை வைக்கக் கூச்சமாயிருந்தது. சாம்பலும் தேசிக்காயும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, மனைவியோடு கொண்டுபோனேன்.

"துரு எங்கே காணும்?" என்று கேட்டார்.

"கழுவிப்போட்டன், ஐயா."

"சாட்சியையெல்லோ கழுவிப்போட்டு வந்து நிக்கிறீர்!"

மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, தகட்டோடு வந்த திருகாணி ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இது இவரின்ர கண்ணில படேல்லை, ஐயா. பட்டிருந்தால் இதையும் மினுக்கியிருப்பார்."

அதில் துரு அப்படியே இருந்தது. வழக்குப் பதிவானது.

இப்போதும் கால் சற்று வலித்தாலே நெஞ்சு பதைக்கிறது. உள்ளே இருக்கும் தகடும் ஒருநாள் வெளியே வந்தால், கழுவாமல் போட்டு மூட ஒரு வெறும் போத்தலைத் தயாராக வைத்திருக்கிறேன்.