மஞ்சள் காப்பு

மலையில் அணை கட்டும் வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் அரையில் புண்ணோடு கூடலூருக்கு இறங்கி வந்தார். "மலைச்சூடு" என்றார். நம்பினேன். அடுத்துப் பிறந்த பிள்ளை உடம்பெல்லாம் கொப்புளமாகப் பிறந்து, பால் குடிக்காமலே போய்விட்டது.

"இது மேகநோய் ஆத்தா. மலைக்குப் போனவுக கண்ட இடத்துல வாங்கியாந்து பொண்டாட்டிக்குக் குடுக்குறாக" என்றாள் மருத்துவச்சி.

அவரோடு படுக்க மறுத்தால் அடி விழும். அதனால் மலையிலிருந்து அவர் வரும் சேதி கிடைத்ததுமே மாரியம்மனுக்கு நேர்ந்து காப்புக் கட்டிக்கொள்கிறேன். காப்புக் கட்டியவளைப் புருஷனும் தொடக்கூடாது. இதனால் என் நோய் போகாது. ஆனால் இன்னொரு பிள்ளை இப்படிப் பிறக்காது. ஆற்றில் துவைக்கும்போது பார்க்கிறேன், பல கைகளில் மஞ்சள் கயிறு. யாரும் யாரையும் கேட்பதில்லை.

"பிள்ளை வரம் கேட்டுத்தான் எம்மருமக காப்புக் கட்டியிருக்கா" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன்.