நாக்குக்குக் கீழே மஞ்சள் குளிசை

விமலராணி பொய் சொல்லத் தெரியாத மனுஷி. கறிக்கு உப்புக் கூடினால், சாப்பிடுகிறவர் வாயைத் திறக்க முதலே தானே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஐம்பத்துநாலாம் வயதில், கட்டின புருஷன் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீரைக் குடித்து, விழுங்கினது போலத் தொண்டையை அசைத்துக் காட்டி, டொக்டர் தந்த குளிசையை மட்டும் நாக்குக்குக் கீழே ஒளித்து வைக்கப் பழகினாள். அவளுக்கு அப்படி என்ன வந்தது?

வந்தது புற்றுநோய். இடது மார்பில். வெட்டி எடுத்தார்கள். பிறகு ஊசி மருந்து, அதற்குப் பிறகு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. தலையில் ஒரு முடி மிச்சமில்லை. டேனிஷ் ஊரான ஹேர்னிங்கில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்குப் புருஷன் பாலேந்திரா சொன்ன கதை வேறு: “இந்தியாவுக்குப் போய் முடி காணிக்கை குடுத்தவ. நேர்த்தி.” அந்த வருஷம் அவர்கள் இந்தியாவுக்கு அல்ல, பக்கத்து ஊர் இக்காஸ்டுக்குக்கூடச் சரியாகப் போகவில்லை. ஆனால் மகள் நிறோஷினிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஒன்பது வாய் அதைச் சுமக்கும். ஆகையால் கோயிலில் நாலு பெண்கள் விமலராணியின் மொட்டைத் தலையைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அவளும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். முதல் பொய் அங்கேதான் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வைக்காததும் இதனால்தான். “தமிழ் ஆள் வந்தால் பின்னேரத்துக்கிடையில எஸ்பியர்க் வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நானிருக்கிறன்தானே,” என்றான் பாலேந்திரா. அவனுக்கு டேனிஷ் நன்றாகவே வரும். இருபத்தெட்டு வருஷம் இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவன். விமலராணிக்கு வருவது வேலைத்தல டேனிஷ்: நிற்பாட்டு, தூக்கு, ஈரம், கிழிசல், சாப்பாட்டு நேரம். டொக்டரோடு கதைக்க அது காணாது என்று அவனும் நினைத்தான், அவளும் நினைத்தாள்.

எல்லாம் முடிந்தது என்று அவள் மூச்சு விட்ட நாளில், டொக்டர் அம்மா பத்து நிமிஷம் கதைத்தாள். தாளில் எதையோ கீறிக் காட்டினாள். பாலேந்திரா தலையாட்டி ஆட்டிக் கேட்டான். கடைசியில் மனைவி பக்கம் திரும்பினான்.

“குளிசை குடிக்கட்டாம். ஒரு நாளைக்கு ஒண்டு. அஞ்சு வருஷம்.”

“அவ்வளவு நேரம் கதைச்சவ. இவ்வளவுதானோ?”

“உன்ர புற்று பொம்பிளை ஹோர்மோனில வளருற சாதியாம். குளிசை அந்த ஹோர்மோனை நிப்பாட்டுமாம். குடிச்சால் திரும்ப வராதாம்.”

வராது என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து அழுதாள்.

குளிசை சின்னது, மஞ்சள் நிறம். ஒவ்வொரு காலையும் பாலேந்திரா அதை உள்ளங்கையில் வைத்து, விபூதி கொடுப்பது போல நீட்டுவான். அவள் வாங்கிக் குடிப்பாள். இரண்டு மாதம் ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம் தணல் தொடங்கியது. நெஞ்சுக்குள் அடுப்பை மூட்டினது போல ஒரு வெக்கை கழுத்தால் ஏறி முகத்தை எரிக்கும். வெளியே பனி கொட்டும்போது அவள் கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். அதையும் தாங்கினாள். நாலாம் மாதம் கை பிடித்தது. காலையில் எழும்பினால் பத்து விரலும் விறைத்துக் கோழிக்கால் மாதிரி இருக்கும். தேங்காய் திருவ ஏலாது. போத்தல் மூடி திறக்க ஏலாது. ஜாக்கெட்டின் ஸிப்பைப் பாலேந்திரா இழுத்துவிட வேண்டும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இழுத்துவிடுவது போல.

வீட்டில் இருக்கிறவளென்றால் சமாளித்திருப்பாள். அவளுக்குக் கைதான் வேலை. முதலில் இக்காஸ்டில் தையல் தொழிற்சாலை. அது மூடினபின் பதினேழு வருஷமாய்ச் சலவைத் தொழிற்சாலை. முதியோர் இல்லம், ஹோட்டல் என்று ஊர்ப்பட்ட படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையாய்ப் பிடித்து, உதறி, இஸ்திரி போடுகிற உருளை மெசினின் கவ்விக்குக் கொடுக்க வேண்டும். ஒரு மூலை நழுவினால் விரிப்பு கோணிக்கொண்டு போய்ச் சுருளும். மெசின் நிற்கும். தலைக்கு மேலே சிவப்பு லைற் எரியும். வேலைத்தலம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். வலது மூலை விமலராணி, இடது மூலை மட்டக்களப்புக் கிளோறியா. ஒன்பது வருஷமாய் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே பிடிப்பார்கள்; லைற் மாதத்துக்கு ஒரு தரம் எரிந்தால் அதிசயம். கை பிடித்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம் எரிந்தது.

அப்போதுதான் அவள் நாக்கைத் தூக்கினாள். குளிசையை அதற்குக் கீழே தள்ளி, வேலைக்குப் போகிற வழியில் டிஷ்யூவில் துப்பி, ஜாக்கெட் பைக்குள் வைத்தாள். எறிந்திருக்கலாம். மருந்தை எறிவது பாவம் என்று ஒரு மனம். நாளைக்குக் குடிப்போம் என்று இன்னொரு மனம். மூன்று கிழமையில் விரல் மடங்கியது. லைற் அணைந்தது. கிளோறியா, “கர்த்தருக்குத் தோத்திரம், என்ட பக்கத்து ஆள் திரும்பி வந்திட்டா,” என்று பகிடி பண்ணினாள்.

ஆனால் நிம்மதி வந்ததோ என்றால், இல்லை. இடுப்பு நொந்தால் எலும்புக்குள் வந்துவிட்டது என்று நினைப்பாள். இருமினால் நுரையீரல் என்று நினைப்பாள். குளிக்கும்போது மற்ற மார்பை நசுக்கி நசுக்கிப் பார்த்து அதில் கன்றல் விழுந்தது. குடித்தால் கை போகும், குடிக்காவிட்டால் உயிர் போகும். இருதலைக் கொள்ளி எறும்புக்காவது யாரும் பார்க்க ஒரு கொள்ளி இருந்தது. இவளுடையதைப் பார்க்க ஆளில்லை. மகளுக்குச் சொன்னால் அழுவாள். புருஷனுக்குச் சொன்னால் மறுபடி உள்ளங்கையை நீட்டுவான்.

பங்குனியில் பாலேந்திரா அவளுடைய குளிர் ஜாக்கெட்டைக் கழுவ எடுத்தான். பையைத் தட்டினான். டிஷ்யூ உருண்டை விழுந்து அவிழ்ந்தது. குளிசைகள் நிலம் முழுக்க ஓடின. அவள் வேலையால் வந்தபோது அவன் சமையலறை நிலத்தில் இருந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“நாப்பத்தொண்டு,” என்றான்.

அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“நாப்பத்தொரு நாளா என்னை விசரனாக்கினனீ.”

“கை ஏலாமல் கிடந்தது.”

“கையோ? கை பெரிசோ, நீ பெரிசோ?”

“கையில்லாமல் நான் எங்கை இருக்கிறன்?”

“உன்னைப் பாக்க நானிருக்கிறன்தானே. வேலையை விடு.”

“விட்டுட்டு? சுவரைப் பாத்துக்கொண்டு இருந்து, எங்கை நோகுதெண்டு தேடவோ? அங்கை நிக்கிற எட்டு மணித்தியாலம்தான் எனக்கு அந்த நினைப்பில்லாத நேரம்.”

அவன் எழும்பி, புதுப் பெட்டியிலிருந்து ஒன்றை உடைத்து எடுத்தான். அதை அவளுக்கு முன்னால் நீட்டினான். “குடிச்சால் வராதெண்டு டொக்டர் சொன்னவ. வராதெண்டு. பிறகென்னத்துக்கு உந்தப் பிடிவாதம்?”

அன்றிலிருந்து அவள் விழுங்கின பிறகு, “நாக்கைத் தூக்கு,” என்பான். அவள் தூக்கிக் காட்டுவாள். முப்பது வருஷம் ஒரு பாயில் படுத்த மனுஷனுக்கு முன்னால் களவெடுத்த பிள்ளை மாதிரி வாயைத் திறந்து நிற்பது, மார்பை வெட்டினதைவிட நொந்தது அவளுக்கு. அவன் திரும்பின பிறகு சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள்.

சித்திரைக்குள் விரல் மறுபடி விறைத்தது. ஒரு திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே சிவப்பு லைற் ஐந்து தரம் எரிந்தது. ஐந்தாவது தரம் அவள் மெசினை விட்டு விலகி, அழுக்குத்துணி வண்டிக்குப் பின்னால் போய் நிலத்தில் இருந்துவிட்டாள். கிளோறியா பின்னால் வந்து குந்தினாள். வேலை உடுப்பு மாற்றும்போது வடுவைத் தற்செயலாய்க் கண்ட நாளிலிருந்து, வீட்டுக்கு வெளியே இந்த நோய் தெரிந்த ஒரே தமிழ் ஆள் அவள்தான்.

“என்னகா இது? அந்த ரெண்டு மாசம் கை எப்பிடிச் சரியா இருந்த?”

விமலராணி எல்லாவற்றையும் கொட்டினாள்.

“டொக்டர்ட்ட கை நோவைச் சொன்னீங்களா?”

“அவ கேக்கிறவ, எப்பிடி இருக்குதெண்டு. நாங்கள் டெ கோர் குட் எண்டு சொல்லுறனாங்கள்.”

“நல்லா இருக்கெண்டா?” கிளோறியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

“எங்களைக் காப்பாத்தின மனுஷியிட்டை, நீங்கள் தந்த மருந்து சரியில்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? மரியாதையில்லைத்தானே.”

“உங்கட மரியாதையில இடி விழ.” கிளோறியா சிரிக்கப் பார்த்தாள்; சிரிப்பு வரவில்லை. “அந்தப் பொம்பிளை உங்களுக்கு ஒண்டுமில்லையெண்டு எழுதி வைச்சிருப்பா. அடுத்த முறை நானும் வாறன், எனக்கு டேனிஷ் வரும்தானே. ஆனா முதல் சொல் நீங்கதான் சொல்லணும். உங்கட வாயால.”

கிளோறியாவுக்கு நோய் ஏற்கெனவே தெரியும் என்று விமலராணி புருஷனிடம் சொன்ன பிறகு, வைகாசியில் மூன்று பேராகப் போனார்கள். கார் ஓடும்போதே பாலேந்திரா முணுமுணுத்தான்: “மூண்டாவது ஆள் என்னத்துக்கு? சபை கூட்டவோ?” “உங்களுக்கு வழி தெரியாட்டிக் காட்டத்தான் அண்ணே,” என்றாள் கிளோறியா பின் இருக்கையிலிருந்து.

டொக்டர் அம்மா சிரித்த முகத்தோடு கேட்டாள், குளிசையோடு எப்படிப் போகிறது என்று. பாலேந்திரா வழக்கம் போல, “டெ கோர் குட்,” என்றான். கிளோறியா மேசைக்குக் கீழே விமலராணியின் காலை மிதித்தாள்.

விமலராணி இரண்டு கையையும் தூக்கி மேசையில் வைத்தாள். மடக்கப் பார்த்தாள். பாதியில் நின்றன. நெஞ்சிலிருந்து தணல் ஏறி நெற்றி வியர்த்தது. அவளுக்குத் தெரிந்த டேனிஷ் எல்லாவற்றையும் தேடினாள். வேலைத்தலத்துச் சொற்கள்தான் கிடைத்தன.

“விரல் நிற்குது,” என்றாள். “சிவப்பு லாம்பு. ஒவ்வொரு நாளும் சிவப்பு லாம்பு.” பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு, “குளிசை குடிக்கேல்லை. நாற்பத்தொன்று. நான் பொய்.”

டொக்டர் அம்மா கதிரையைப் பாலேந்திரா பக்கமிருந்து அவள் பக்கம் திருப்பினாள். அந்தப் பெண் தன்னை நேராகப் பார்ப்பது அதுவே முதல் தரம் என்று விமலராணிக்குப் பட்டது. பிறகு கிளோறியா ஒவ்வொரு சொல்லாய்த் தமிழில் கொண்டு வந்தாள். இந்த நோவு பலருக்கு வருகிறது. நாலு கிழமை நிற்பாட்டிப் பார்க்கலாம். பிறகு வேறு குளிசை ஒன்று தொடங்கலாம். அதிலும் நோவு வரலாம், வராமலும் விடலாம். வேண்டாம் என்றும் அவள் சொல்லலாம்.

“வேண்டாமெண்டால்?” என்றாள் விமலராணி.

டொக்டர் அம்மா ஒரு தாளை எடுத்தாள். அதில் நூறு சின்ன மனித உருவங்கள், பத்துப் பத்தாய். விமலராணியைப் போல நூறு பெண்கள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். குளிசை குடிக்காவிட்டால் பத்து வருஷத்துக்குள் ஏறத்தாழ இருபத்துநாலு பேருக்குத் திரும்பி வரும். பேனையால் நிறம் தீட்டினாள். குடித்தால் பன்னிரண்டு பேருக்கு.

“குடிச்சாலுமோ?”

“குடிச்சாலும்தான்கா,” என்றாள் கிளோறியா மெதுவாக.

விமலராணி எண்ணினாள். எண்ணிப் பார்க்கிறது அவளுக்குப் பழகின வேலை. நூறு விரிப்புள்ள ஒரு கட்டுக்குள் பன்னிரண்டு கிழிசல் வந்தால் முழுக் கட்டையும் திருப்பி அனுப்புவார்கள். அவளைத் திருப்பி அனுப்ப இடமில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்தத் தாளை அண்டைக்கும் காட்டினவவோ?”

“ஓம்.”

“வராதெண்டு சொன்னீங்கள்.”

“பன்னிரண்டு எண்டு உனக்கு எப்பிடிச் சொல்லுறது விமலா?” அவன் கலண்டரிலிருந்து கண்ணை எடுத்தான். “எனக்கே அதை விழுங்க ஏலேல்லை.”

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. அதற்குள்ளே ஒன்று விளங்கவும் செய்தது: இத்தனை மாதம் இரண்டு பேரும் ஆளுக்கொன்றை நாக்குக்குக் கீழேதான் வைத்திருந்திருக்கிறார்கள். ஆனால் விளங்கி என்ன? பன்னிரண்டு பன்னிரண்டுதானே. வராது என்ற சொல்லை நம்பித்தான் அவள் மொட்டையையும் வடுவையும் தணலையும் பொறுத்தாள். இப்போது அதுவும் போய்விட்டது.

“நீங்க என்ன முடிவு எடுக்கிறீங்க எண்டு கேக்கிறா,” என்றாள் கிளோறியா. “அவசரமில்லையாம். முடிவு உங்கடதாம்.”

“அவ சொன்னால் நல்லமெல்லோ,” என்றாள் விமலராணி. “படிச்ச மனுஷி. குடி எண்டாலும் விடு எண்டாலும் செய்திடுவன். என்னட்டைக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?” நிறம் தீட்டாத உருவங்களைப் பார்த்தாள், தீட்டினதைப் பார்த்தாள். அதில் தான் எது என்று யாராவது காட்ட மாட்டார்களா என்று தவித்தாள். ஒருவரும் காட்டவில்லை. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “மற்றக் குளிசையைத் தாங்கோ. மூண்டு மாசம் பாப்பன். விரிப்பு மூலை பிடிக்க ஏலும்மட்டும் குடிப்பன். ஏலாமல் போனால் ஒளிக்க மாட்டன், வந்து சொல்லுவன். ஆனால் இவர் கையால வாங்க மாட்டன். நாக்கையும் தூக்க மாட்டன். இதை அப்பிடியே சொல்லு கிளோறியா, ஒரு சொல் விடாமல்.”

கிளோறியா ஒரு சொல் விடாமல் சொன்னாள். டொக்டர் அம்மா பாலேந்திராவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நாலு கிழமை கழிந்து, புதுப் பெட்டி தொடங்குகிற காலை. விரல்கள் மெல்லத் திரும்பி வந்திருந்தன. பாலேந்திரா பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, யன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெள்ளைக் குளிசை. அவள் தானே உடைத்து எடுத்தாள், வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். அது இறங்குகிற இடமெல்லாம் தெரிந்தது.

“இஞ்சாருங்கோ.”

“ம்.”

“அந்தப் பன்னிரண்டு பேரில நான் ஒராள் எண்டால்?”

அவன் திரும்பவில்லை. வராது என்று சொல்லப் போகிறான் என்றுதான் அவள் காத்திருந்தாள். இந்தத் தரமும் சொன்னால் நம்பிவிடுவோமோ என்று பயந்தாள். சொல்ல மாட்டானா என்றும் இருந்தது.

“தெரியாது விமலா,” என்றான்.

அவள் கிளாசைக் கழுவி வைத்தாள். ஏழு மணிக்கு வேலை. ஜாக்கெட்டைப் போட்டாள். அவன் பழக்கத்தில் ஸிப்பை இழுத்துவிடக் கிட்ட வந்தான்.

“விடுங்கோ,” என்று கையைத் தட்டிவிட்டு, தானே கீழே குனிந்து ஸிப்பின் நுனியைப் பிடித்தாள். முதல் தரம் நழுவியது. இரண்டாம் தரம் பிடிபட்டது. கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, “இண்டைக்கு ஏலுது,” என்றாள்.