மூடவோ, தூர்க்கவோ

அது 1997 கோடை என்று உறுதியாகச் சொல்ல முடியும். முந்தைய அக்டோபரில்தான் பெண்களுக்கு இடம் ஒதுக்கி உள்ளாட்சித் தேர்தல் நடந்து, அத்தை எங்கள் வார்டு உறுப்பினரானாள். சுவரொட்டியில் அவள் படத்தைவிட மாமாவின் படம் பெரிது. கூட்டத்தில் பேசப்போவதும் அவர்தான் என்று ஊர் நினைத்தது, மாமாவும் நினைத்தார்.

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் ஊராட்சியில் அப்போது கிணறுகளைத் தூர்த்து, அந்த இடத்தில் வாடகைக்குப் போர்ஷன் கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு ஆழ்குழாய். அந்தக் கோடையில் பல குழாய்களில் காற்றுதான் வந்தது. வீட்டுக் கிணறுகளை மூடக் கூடாது என்று அத்தை தீர்மானம் கொண்டுவந்தாள். நிறைவேறியது.

மறுவாரமே எங்கள் காம்பவுண்டு வாசலில் கட்டட இடிபாடு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் பொதுவான கிணற்றுக்காக மாமா வரவழைத்தது.

“என்னங்க இது? தீர்மானம் போட்ட ஈரம்கூடக் காயலை.”

“மூடக் கூடாதுன்னுதானே போட்டீங்க, மெம்பர் மேடம்? நான் மூடலை, தூர்க்கிறேன். மேல தொறந்தேதான் இருக்கும்.”

எனக்கு அந்த வாதம் மிகச் சரியாகப் பட்டது. மூடுவது என்றால் குழம்புச் சட்டியை மூடுவதுபோல என்றே நானும் நினைத்திருந்தேன். சட்டத்துக்குப் பயந்து, கிணற்றின் மேலிருந்த கம்பிவலையை முந்தின நாள்தான் இழுத்துப்போட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருந்தேன்.

“வூட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா சார்? பேசி முடிங்க, நான் டீ குட்ச்சிட்டு வரேன்” என்றார் லாரி ஓட்டுநர்.

“லோடை வெளியில கொட்டிட்டுப் போங்கண்ணா. கிணத்துக்குள்ள ஒரு கல்லு விழக் கூடாது” என்ற அத்தை, நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள்.

அவசரக் கூட்டம் கூடியது. ‘மூடவோ’ என்பதையடுத்துத் ‘தூர்க்கவோ’ சேர்ந்தது. மொட்டைமாடி மழைநீரைக் கிணற்றுக்குள் விட வேண்டும் என்பதும் சேர்ந்தது. வாசலில் நின்றிருந்த மாமா, “குப்பை கொட்டவோன்னும் போட்டுடுங்க. என்னை மாதிரி ஒருத்தன் அடுத்து அதைத்தான் பண்ணுவான்” என்றாராம். அதையும் போட்டார்கள்.

கொட்டிய இடிபாட்டை வைத்து மாமாவே கிணற்றடியை மேடாக்கினார். மாடியிலிருந்து குழாயும் இறக்கினார். ஐப்பசி மழை முழுவதும் அதன் வழியே கிணற்றில் இறங்கியது.

அடுத்த சித்திரையில் பக்கத்து வீட்டு ஆழ்குழாயில் காற்று வரவில்லை, தண்ணீர் வந்தது. புது மோட்டார் மாட்டியதால்தான் என்று அந்த வீட்டுக்கார அம்மா எங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

“நல்ல மோட்டார்க்கா. ரொம்ப நேரம் ஓட விடாதீங்க” என்றாள் அத்தை.

எல்லாம் நம் கிணற்றால்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேர்தலில் ஜெயித்த அத்தை ஒரு மோட்டாரிடம் தோற்றுப்போனாள் என்று எனக்கு வெகுநாள் ஆத்திரம் இருந்தது.